கீழ்நிலைக் கழகங்களில் மட்டுமே ஆடிய ஒரு முன்கள வீரர் சிறந்த கால்பந்து மேலாளராக வர முடியுமா?

முடியும் என்பதற்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஜான் கோல்மன். இங்கிலாந்தின் நான்கு அடுக்குத் தொழில்முறை லீக்கில் அவர் ஒரு போட்டியில்கூட ஆடியதில்லை. லிவர்பூலுக்கு அருகிலுள்ள கிர்க்பியைச் சேர்ந்த அவர், பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். அந்த லீக்குக்கு வெளியே இயங்கும் சவுத்போர்ட், ரன்கார்ன், மோர்கேம்ப் போன்ற கழகங்களுக்காக ஆண்டுக்கணக்கில் கோல்களைக் குவித்தார்.

1999இல் அவர் பொறுப்பேற்ற அக்ரிங்டன் ஸ்டான்லி, லங்காஷயரின் சிறு நகரம் ஒன்றின் கழகம். அதே பெயரில் முன்பு இருந்த கழகம் கடன் சுமையால் 1962 மார்ச்சில் பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகியது. 1968இல் புதிய கழகம் அடிமட்டத்திலிருந்து தொடங்கப்பட்டது. 1980களின் இறுதியில் வந்த ஒரு பால் விளம்பரத்தில் "யார் அவர்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் மறக்கப்பட்டிருந்தது. கோல்மனும் அவருடைய உதவியாளர் ஜிம்மி பெல்லும் 2000, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று பட்டங்களை வென்று அந்தக் கழகத்தை லீக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1962இல் காலியான இடத்தைப் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட், 2006இல் அக்ரிங்டன் மேலே வந்த அதே பருவத்தில் கீழே இறங்கியது.

அவருடைய ஆட்ட வாழ்க்கை மேலாளர் பணிக்கு எப்படி உதவியது என்பதுதான் கேள்வியின் உட்கரு என்று நினைக்கிறேன். பெரிய கழகங்களின் கண்ணில் படாத இடங்களில் எவ்வளவு திறமை கிடக்கிறது என்பதை, அங்கேயே தன் காலத்தைக் கழித்தவர் அறிந்திருந்தார். ராட்கிளிஃப் பரோ என்ற சிறு கழகத்திலிருந்து 2000இல் வந்த முன்கள வீரர் பால் மல்லின், கோல்மனோடு ஒவ்வொரு படியாக ஏறி லீக் வரை வந்தார். மற்ற கழகங்கள் விடுவித்தவர்களையும் கீழ்நிலையில் ஆடியவர்களையும் எடுத்து, தாக்குதல் ஆட்டம் ஆடவிட்டு, அவர்களைப் பெரிய கழகங்கள் தேடி வாங்கும் நிலைக்கு உயர்த்துவதே அவர் முறையாக இருந்தது. ஜோஷ் வின்டாஸும் மேட் க்ரூக்ஸும் 2016இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துக்குச் சென்றது இதற்கு நல்ல சான்று.

இடையில் 2012 ஜனவரியில் அவர் ராச்டேல் கழகத்துக்கு மேலாளராகப் போனார். அது சரியாக அமையவில்லை. சவுத்போர்ட், அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் ஆகியவற்றுக்குப் பிறகு 2014 செப்டம்பரில் அக்ரிங்டனுக்கே திரும்பினார். என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான பெருமை இந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. 2016 மே மாதம், பருவத்தின் இறுதி நாளில் ஸ்டீவனேஜுடன் அக்ரிங்டன் கோலின்றிச் சமன் செய்ய, பிரிஸ்டல் ரோவர்ஸ் தன் ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் கோல் அடித்தது. இரு அணிகளுக்கும் 85 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் அக்ரிங்டன் மூன்றாம் அடுக்குக்கான நேரடி உயர்வை பிரிஸ்டலிடம் இழந்தது. அடுத்து, மீதமிருந்த ஓர் உயர்வு இடத்துக்கான பிளே-ஆஃப் போட்டிகளின் அரையிறுதியில் விம்பிள்டனிடமும் தோற்றது. இப்படி ஓர் அடி வாங்கிய சிறு கழகம், நல்ல வீரர்களையும் விற்றபின், மீண்டும் எழுவது அரிது. ஆனால் 2017–18 பருவத்தில் அதே கோல்மன் 93 புள்ளிகளுடன் நான்காம் அடுக்கின் பட்டத்தையே வென்றார். பில்லி கீ என்ற முன்கள வீரர் அப்பருவத்தில் லீக்கில் 25 கோல்கள் அடித்தார். சொந்த மைதானத்துக்குச் சராசரியாக வந்த பார்வையாளர்கள் இரண்டாயிரத்தை எட்டவில்லை.

2023இல் அக்ரிங்டன் மீண்டும் நான்காம் அடுக்குக்கு இறங்கியதையும், 2024 மார்ச்சில் கோல்மன் பதவி நீக்கப்பட்டதையும் வைத்து அவரைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இறக்கத்துக்கு முன் சண்டர்லாந்து, போர்ட்ஸ்மவுத், இப்ஸ்விச் போன்ற, பல்லாயிரம் பார்வையாளர்களைக் கொண்ட கழகங்களோடு ஐந்து பருவங்கள் அந்த அணி மூன்றாம் அடுக்கில் ஆடியது. 2020–21இல் 24 அணிகளில் 11ஆம் இடம் பிடித்தது. அந்த 11ஆம் இடத்தை நான் பல பெரிய மேலாளர்களின் கோப்பைகளுக்கு மேலாகவே வைப்பேன்.