அணுக்கழிவுக் கிடங்கும் ஊருக்கு வரும் அரசுப் பணமும்: கேள்வி பதில்

அணு உலைக் கழிவை ஆழ்நிலத்தில் புதைக்க இடம் தேடும் அரசுகள், அந்தத் தேடலுக்குச் சம்மதிக்கும் ஊர்களுக்கு மானியம் தருகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, எப்போது நிற்கும் என்று வந்த கேள்விகள் இவை. ஜப்பானைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள்.

ஜப்பானில் ஆவண ஆய்வுக்குச் சம்மதித்தாலே 200 கோடி யென் என்கிறார்களே. மண்வெட்டி கூட ஊருக்குள் வராத ஆய்வுக்கு ஏன் இவ்வளவு?

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தேடல் மூன்று கட்டம். ஆவண ஆய்வுக்குச் சுமார் 2 ஆண்டு, துளையிட்டுப் பார்க்கும் முதற்கட்ட ஆய்வுக்கு 4, நிலத்தடிச் சுரங்கம் வெட்டிப் பார்க்கும் விரிவான ஆய்வுக்கு 14. முதல் கட்டத்தில் 'நூமோ' என்ற அமைப்பு புவியியல் வரைபடங்களையும் கட்டுரைகளையும் மட்டும் படித்து எரிமலை, நிலப்பிளவு, கனிம வளம் உண்டா என்று பார்க்கும். மானியம் ஆண்டுக்கு 100 கோடி யென் வரை, மொத்தம் 200 கோடிக்கு மேல் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் ஆண்டுக்கு 200 கோடி வரை, மொத்தம் 700 கோடி.

ஏன் இவ்வளவு என்றால், குறைவாகக் கொடுத்தபோது யாரும் வரவில்லை. 2002இல் விண்ணப்பம் கேட்கத் தொடங்கியபோது முதல் கட்டத்துக்கு ஆண்டுக்கு 21 கோடிதான். 2007இல்தான் அது 100 கோடியானது. பணம் வருவது மின்நுகர்வோரிடமிருந்து: யூனிட்டுக்கு 0.375 யென் வீதம் வரி. அணுமின் நிலையம் இருக்கும் ஊர்களுக்கு 1974 முதல் பணம் போவதும் இதே வாய்க்கால் வழியேதான்.

சார், மொத்தப் பணமும் அந்த ஒரே ஊருக்கா?

இல்லை. பாதிக்குக் குறையாமல் ஆய்வு நடக்கும் ஊருக்கு, மிச்சம் பக்கத்து ஊர்களுக்கு என்பது ஏற்பாடு. பக்கத்து ஊர் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஹொக்கைடோ மாகாணத்தில் ஸுட்ஸு நகரம் 2020இல் விண்ணப்பித்தபோது ஷிமாமாகியும் குரோமாட்சுனாயும் வாங்க மறுத்தன. அதே ஆண்டு ஆய்வை ஏற்ற காமோஎனாய் கிராமத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஷாகோதானும் அப்படியே. மறுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாங்கிவிட்டால், பின்னாளில் "உங்களுக்கும் பங்கு வந்ததே" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

ஆய்வு இழுத்தால் பணமும் கூடுமா?

கூடாது. பலர் கோட்டை விடும் இடம் இது. ஸுட்ஸுவிலும் காமோஎனாயிலும் ஆய்வு தொடங்கியது 2020 நவம்பர் 17. இரண்டு ஆண்டு என்றார்கள். அறிக்கை கைக்கு வந்ததோ 2024 நவம்பரில். நாட்கள் இரட்டிப்பானாலும் 200 கோடி என்ற உச்சவரம்பு அசையவில்லை. ஊர் இரண்டுபட்டு நிற்கும் காலம் மட்டும் நீண்டது. 2021 நகரத்தலைவர் தேர்தலில் ஸுட்ஸுவில் பதிவான வாக்குகளைப் பாருங்கள்: ஆய்வை ஏற்ற தலைவருக்கு 1,135, எதிர்த்தவருக்கு 900. மூவாயிரம் பேர் கூட இல்லாத ஊர். கடைக்காரரும் வாடிக்கையாளரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதற்கெல்லாம் செலவழிக்கலாம்? எங்கள் மாமா ஜப்பானில் ஒரு சிறு நகர அலுவலகத்தில் இருக்கிறார், சம்பளத்துக்கே போகிறது என்கிறார்.

போகலாம், விதி இடம் கொடுக்கிறது. பொதுக் கட்டடம், அதன் பராமரிப்பு, நலத்திட்டம், உள்ளூர்த் தொழில் ஊக்கம் எல்லாவற்றுக்கும் செலவழிக்கலாம். நிதியமாகச் சேர்த்து வைக்கவும் வழியுண்டு.

சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. இரண்டே ஆண்டு வரும் பணத்தில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆள் எடுத்தால், மூன்றாம் ஆண்டுச் சம்பளத்துக்கு எங்கே போவது? "அடுத்த கட்டத்துக்கும் சம்மதிப்போம்" என்ற குரல் அப்போது கொள்கையிலிருந்து எழாது, வரவு செலவுத் திட்டத்தின் ஓட்டையிலிருந்து எழும். புதுக் கட்டடமும் இதே கதைதான்: கட்ட மானியம் வரும், முப்பது ஆண்டுக்கு மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் ஊர்த்தலையில். ஒருமுறைச் செலவுக்கு ஒதுக்குங்கள்: பழைய குடிநீர்க் குழாய் மாற்றுவது போன்றவை. தொடர்செலவு என்றால் முதலில் நிதியம், அதிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு.

நடுவில் வேண்டாம் என்றால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆவண ஆய்வை முடித்துவிட்டு விலகினாலும் வாங்கியது ஊருக்கே. அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் நகரத்தலைவர், மாகாண ஆளுநர் இருவரின் கருத்தையும் அமைச்சர் கேட்டு மதிக்க வேண்டும் என்கிறது சட்டம். யாராவது ஒருவர் எதிர்த்தால் மேலே போவதில்லை என்பது அரசின் வாக்குறுதி. ஹொக்கைடோவில் இப்படிப்பட்ட கழிவை ஏற்பதற்கில்லை என்று 2000இலேயே மாகாண விதி இருக்கிறது. ஸுட்ஸு தன் பங்குக்கு 2021 மார்ச்சில் வாக்கெடுப்பு விதி இயற்றியது. விண்ணப்பித்த பிறகு! முன்பே இயற்றியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விண்ணப்பித்தும் ஒரு காசு கூட வாங்காத ஊர் உண்டாமே?

கோச்சி மாகாணத்துத் தோயோ. 2007 ஜனவரியில் நகரத்தலைவர் மன்றத்தை ஓரங்கட்டி விண்ணப்பித்தார். எதிர்ப்பு வெடித்துப் பதவி விலகி, ஏப்ரலில் மீண்டும் மக்களிடம் போனார். 761க்கு 1,821 என்று தோற்றார். புதியவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். ஆய்வு தொடங்கவேயில்லை என்பதால் மானியமும் இல்லை.

இதற்கு நேர்மாறு, 2024இல் சம்மதித்த சாகா மாகாணத்துக் கென்காய். உள்ளூர்த் தொழில் சங்கங்களின் மனு, மன்றத்தின் ஏற்பு, பிறகுதான் தலைவர். இத்தனைக்கும் நிலத்தடியில் நிலக்கரி இருக்கலாம் என்று, 2017இல் அரசு வெளியிட்ட வரைபடமே அந்த ஊரின் பெரும்பகுதியைத் தகுதிக் குறைவாகக் காட்டியிருந்தது.

கொரியாவில் ஊர்கள் போட்டி போட்டு வாங்கினவாமே?

ஆமாம், 2005இல். ஆனால் அது குறைந்த, நடுத்தரக் கதிர்வீச்சுக் கழிவு. ஜப்பான் புதைக்கப் பார்க்கும் உயர்நிலைக் கழிவோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. நான்கு ஊர்களில் ஒரே நாள் வாக்கெடுப்பு, அதிக ஆதரவு காட்டிய ஊருக்குக் கிடங்கு என்றார்கள். 89.5 விழுக்காட்டோடு கியோங்ஜு வென்றது. சிறப்பு நிதி 30,000 கோடி வோன், அதோடு அணுமின் நிறுவனத்தின் தலைமையகம்.

நுழைவுக் கட்டணம் தனி. ஒரு பீப்பாய்க்கு 6,37,500 வோன். திட்டமிட்ட 8 லட்சம் பீப்பாய்க்கும் பெருக்கினால் 51,000 கோடி. கேட்க இனிக்கும், ஆனால் பீப்பாய் வந்தால்தான் கட்டணம். ஆய்வு நிறுவனம் ஒன்று அனுப்பிய கழிவின் அளவீட்டில் பிழை தெரிந்து வரத்து நின்றபோது வருமானமும் நின்றது. எண்ணிக்கையைச் சார்ந்த கட்டணத்தை ஒத்துக்கொள்ளும் ஊர், ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் மன்றத்துக்கு இல்லாமல் கோயில், விளையாட்டுக் குழு போன்றவற்றுக்கே பணம் போகிறதாமே?

போகிறது. இடம் தேடலுக்காக ஒரு பகுதியில் சமுதாயக் கூட்டமைப்பு உருவானதும் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்ட் வரை, ஆழ்துளை போடும் கட்டத்தில் 25 லட்சம் வரை. உள்ளூர்க் குழுக்கள் விண்ணப்பிக்கலாம். பொருளாதார வாய்ப்பு, சுற்றுச்சூழல் மேம்பாடு, மக்கள் நலம் இவற்றில் ஒன்றுக்காவது திட்டம் பொருந்த வேண்டும். பயன் 'தேடல் பகுதி' என்று வரைந்த எல்லைக்குள் சேர வேண்டும். ஆகவே விண்ணப்பம் எழுதும் முன் வரைபடத்தைப் பாருங்கள். கூட்டமைப்பு கலைந்தால் கதவும் மூடும்: அல்லர்டேல் 2023இல், தெடில்தார்ப் 2025இல்.

கிடங்கு கிடைக்காத ஊருக்குக் கூடுதல் பணம் கொடுத்த நாடு எது?

சுவீடன். 2009 ஒப்பந்தப்படி அந்தப் பணத்தில், தோற்ற ஓஸ்கர்ஷாம்னுக்கு 75 விழுக்காடு, வென்ற ஓஸ்தமருக்கு 25. கிடங்கு வரும் ஊருக்கு வேலையும் சாலையும் எப்படியும் வரும் என்ற கணக்கு. கொடுப்பது அரசல்ல, அணுமின் துறை.

ஐயா, கூடங்குளத்துக்கு இப்படி ஏதாவது கேட்க முடியுமா?

2012இல் தமிழக அரசு அறிவித்த 500 கோடி ரூபாய், உலையைச் சுற்றிய ஊர்களின் சாலை, வீடு, மீனவர் வசதிகளுக்கானது. கழிவுக்கானது அல்ல. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கு பற்றி 2019 ஜூலை 10இல் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. அதுவும் சேமிப்புதான், புதைப்பு அல்ல. ஜப்பானைப் போலக் கட்டத்துக்கு இவ்வளவு என்று மானியம் பேசும் சட்டம் இங்கே இல்லை. எனவே அடுத்த கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள் தொகையை முதலில் எழுதாதீர்கள். எத்தனை ஆண்டுச் சேமிப்பு, எங்கே எடுத்துப்போவார்கள், எடுக்காவிட்டால் ஆண்டுக்கு ஊருக்கு என்ன என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.