பெங்களூரில் வாடகை வேன் நடத்தும் முதலாளி, ஓட்டுநர்களைத் தினமும் ஊதச் சொல்லலாமா?

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. நிறுவனங்களுக்கு வேன் விடுகிறீர்கள். ஒப்பந்தம் தந்த நிறுவனம் ஓட்டுநர்களுக்கு மதுப் பரிசோதனையும் போதைப் பரிசோதனையும் நடத்தச் சொல்கிறது. சட்டம் இடம் தருகிறதா, ஓட்டுநர் மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிவட்டச் சாலையில் இதே தொழிலில் ஓட்டுநர்களுக்கு டியூட்டி போடும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள். அதனால் இந்தத் தலைவலி எனக்குப் பழக்கம்.

நடத்தலாம். ஆனால் எந்த அதிகாரத்தில் என்பதைப் புரிந்துகொண்டு நடத்துங்கள். ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஊதவைக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு சீருடையில் இருக்கும் போலீஸ்காரருக்கும் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும்தான் தருகிறது. முதலாளிக்கு இல்லை. உங்களுக்கு இருப்பது நியமனக் கடிதமும் அதில் ஓட்டுநர் போட்ட கையெழுத்தும் மட்டுமே. குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்கும் 185ஆம் பிரிவும் வண்டியை ஓட்டுபவருக்கு அல்லது ஓட்ட முயல்பவருக்குத்தான் பொருந்தும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஷெட்டில் சாவி வாங்கும் முன்பே ஒருவர் ஊதித் தேறவில்லை என்றால் அவர் குற்றவாளி அல்ல. அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாதவர், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை ஓட்டுநர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

காலையில் தேறாத ஓட்டுநர் எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "ராத்திரிதான் சார் குடித்தேன், இப்போது தெளிவாக இருக்கிறேன்." பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 125 மில்லிகிராமுக்கு அருகே ஏறும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். இரவு பதினொரு மணிக்குக் குடித்தவரிடம் காலை ஐந்து மணிக்கும் 35 மில்லிகிராம் மிச்சமிருக்கும். மோரும் குளியலும் காபியும் இதைத் துளியும் வேகப்படுத்தாது. ஆள் தெளிவாகப் பேசுவார், நடப்பார்; ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் குடித்திருக்கிறார். பெங்களூர் போக்குவரத்துப் போலீஸார் காலை நேரத்தில் பள்ளி வேன் ஓட்டுநர்களை நிறுத்தி ஊதவைக்கும்போது சிலர் மாட்டுவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன்னால் உங்கள் டியூட்டிப் பட்டியலைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றரைக்குப் போன் செய்து "காலை நாலரைக்கு மாரத்தஹள்ளியில் பிக்கப்" என்று சொன்னால், அதற்குள் அவர் குடித்திருந்தால் குற்றம் யாருடையது? மறுநாள் டியூட்டியை மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். நாளைக்கு ஐந்து மணி வண்டி என்று தெரிந்த ஓட்டுநர் பெரும்பாலும் பாட்டிலைத் தொடமாட்டார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே எழுதிவைத்தது. நம் தொழிலில் அதை யார் மதிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கருவி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான கருவிகளில் இருக்கும் குறைகடத்தி உணரி (சென்சார்) சிகரெட் புகைக்கும் ஏமாறும். ஆல்கஹாலை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் ஃபியூயல் செல் உணரி உள்ளதை வாங்கி, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் அளவு சரிபார்த்துச் சான்றிதழை வைத்திருங்கள். நல்ல கருவியும் வாயில் தங்கிய ஆல்கஹாலைப் பெரும்பாலும் பிரித்தறியாது. 2025இல் கேரள அரசுப் பஸ் நிறுவனத்தின் பந்தளம் டிப்போவில், ஒரு துளி மதுவும் குடிக்காத ஓட்டுநர்கள் மாட்டினார்கள். காரணம் நன்றாகப் பழுத்த பலாச்சுளை. ஊதித் தேறிய ஒருவருக்குச் சுளையைக் கொடுத்து மறுபடி ஊதவைத்துத்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், ஹோமியோபதிச் சொட்டு எல்லாமே இப்படிச் செய்யும். முதல் அளவு எகிறினால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடி ஊதவையுங்கள். அந்த இரண்டாவது அளவைத்தான் பதிவேட்டில் முடிவாக எழுத வேண்டும்.

இன்னொன்று, சந்தேகப்பட்ட ஆளை மட்டும் ஊதச் சொன்னால் அது பழிவாங்கலாகிவிடும். சாவி வாங்கும் எல்லோரும் ஊத வேண்டும், அவசரத்துக்கு வண்டி எடுக்கும் சூப்பர்வைசர் உட்பட. ரயில் ஓட்டுநர்கள் டியூட்டியில் கையெழுத்திடும்போது ஊதுகிறார்கள், விமானிகளும் ஊதுகிறார்கள். இதில் மானம் போக ஒன்றும் இல்லை.

போதைப் பரிசோதனைக்கு வருகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் ஐந்து வகைப் போதைப்பொருளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை என்று இருந்தால், அது அமெரிக்காவிலிருந்து வந்த வாசகமாக இருக்கலாம். அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கனரக வாகன ஓட்டுநர்களுக்கு முதலாளியே சோதனை நடத்துவது கட்டாயம். ஆனால் அங்கே மாதிரியை இரண்டாகப் பிரித்துவைப்பார்கள். முடிவை ஒரு மருத்துவர் பார்த்து, ஓட்டுநரிடம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் உறுதிசெய்வார். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் மருந்துக்கடைக் கிட்டை வாங்கி ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பதை நான் ஏற்கமாட்டேன். கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியம் வகையாகக் காட்டும். கஞ்சாவின் தடயம் புகைத்துப் பல நாள், வழக்கமாகப் புகைப்பவருக்கு வாரக்கணக்கில், சிறுநீரில் இருக்கும். இப்போது அவர் போதையில் இருக்கிறாரா என்பதற்கு அது பதில் ஆகாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், மறுசோதனை உரிமை, மருத்துவர் கருத்து ஆகிய மூன்றையும் செலவோடு ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.

சோதனையே வேண்டாம், பதிவு இருந்தால்தானே சிக்கல் என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்வார்கள். அப்படித் தப்ப முடியாது. 2021இல் ஒரு கார் விபத்து வழக்கில், மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்து ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஊத மறுப்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், திட்டாதீர்கள், மற்றவர்கள் முன்னால் நிற்கவைக்காதீர்கள். அன்றைக்குச் சாவி இல்லை, அன்றைய பேட்டா இல்லை. மறுப்பும் தேறாததும் ஒன்றாகவே கருதப்படும் என்று நியமனக் கடிதத்தில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருங்கள். முதல் முறைக்கே வேலையை விட்டு அனுப்பினால், அடுத்தவர் ஷெட்டுக்கே வராமல் காய்ச்சல் என்று போன் செய்வார்; அந்த ஐந்து மணி வண்டிக்கு அப்புறம் நீங்கள்தான் ஆள் தேட வேண்டும்.