அலமாரியை அடுக்கியதற்கா இவ்வளவு கோபம்?

கேள்வி: பல வருடம் கழித்து, ஒரு மாத விடுப்பில் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 74. வீடெல்லாம் சாமான். மெனக்கெட்டுச் சமையலறையை ஒழித்து அடுக்கினேன். அன்றிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது தப்பா? இவர்களை இப்படியே விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனாலும் முதல் வேலையாக டப்பாக்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். கண் மங்கி, ஞாபகம் கொஞ்சம் தடுமாறும் வயதில் கைப்பழக்கம்தான் வீட்டை நடத்துகிறது. உப்பு எந்தத் தட்டில் என்று அம்மா யோசிப்பதில்லை, கை தானாகப் போகும். நீங்கள் அதை மேல்தட்டுக்கு மாற்றினால் ஸ்டூல் போட்டு ஏறுவார். அப்புறம் அது வேறு வம்பு.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அப்பாவின் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே நடந்து பாருங்கள். சுருண்ட மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், கைக்கு எட்டாத சுவிட்ச் எல்லாம் அப்போதுதான் தெரியும். எழுந்திருக்கும்போது எதைப் பிடிக்கிறார்? துண்டு போடும் கம்பி என்றால், அது துண்டைத்தான் தாங்கும். சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். ஈரத்தில் வழுக்காத விரிப்பும் வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெவ்வேறு டாக்டர்கள் எழுதித் தந்ததில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மறதியா? தெரிந்தவர் பெயர் சட்டென்று வராததற்குப் பயப்பட வேண்டாம். பழகிய தெருவில் வழி தவறினாலோ, தினமும் செய்யும் சமையலில் அடுத்து என்ன என்று குழம்பினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மற்றபடி பழைய சாமான்கள் நடக்கும் வழியில் இல்லாதவரை இருந்துவிட்டுப் போகட்டும். (பாதி உங்கள் பள்ளிக்கூட நோட்டாகத்தான் இருக்கும்!)

கிளம்பும் முன் யோசனை சொல்லாமல், “இப்போது எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். அம்மா துணி காயப்போடுவதைச் சொன்னால் அதற்கு ஆள் பாருங்கள், சமையலறைக்குப் போகாதீர்கள். இருவரையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஒருவர் முடியாமையை இன்னொருவர் மறைப்பது இந்த வயதுத் தம்பதிகளிடம் சகஜம்.