1086 என்ற பலகையும் செங்கல் மில்லும்

இங்கிலாந்துக் கிராமத்தில் நீங்கள் பார்த்த தண்ணீர் மாவு மில்லில் '1086' என்று பலகை இருக்கிறது, கட்டடமோ செங்கல், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலாம் வில்லியம் மன்னர் 1086-இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நில, சொத்துக் கணக்கெடுப்பில் சுமார் 6000 மில்கள் உண்டு. ஆனால் பலகையில் உள்ள ஆண்டு காட்டுவது அந்த இடத்தின் வயது. தீ, வெள்ளம் என்று கட்டடம் பலமுறை மாறியிருக்கும். வாய்க்கால் பெரும்பாலும் மாறாது.

கட்டடத்தின் வயது தெரிய, உள்ளே பல்சக்கரங்களைப் பாருங்கள். முழுக்க மரம் என்றால் பழைய அமைப்பு. வார்ப்பிரும்பு என்றால் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்புறம் போட்டது. இரும்புச் சக்கரத்தில் மரப்பல் செருகியிருந்தால் ரொம்பப் பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சத்தம் குறையவும், உடைந்த பல்லை மட்டும் மாற்றவும் அப்படிச் செய்தார்கள், அருமையான யோசனை! சக்கரத்தின் படம் இருந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.