அப்பாவின் வேன் சாவியை வாங்கி வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு வேன் ஓட்டுகிறார். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். போன மாதம் இரவில் வரும்போது வளைவில் மதிலோடு உரசிவிட்டார். இந்த வயதில் லைசன்சே கொடுக்கக் கூடாது என்கிறார் அண்ணா. சாவியை வாங்கி வைக்கலாமா டொக்டர்?

பதில்: வயதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் மகள். ஆனால் கண்ணைப் பரிசோதிக்கும்வரை இரவிலும் பனிமூட்டத்திலும் வேனை எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அவர் இரவில் உரசியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்புரையும் இருந்தால், எதிரே வரும் பஸ்ஸின் லைட் பட்டதும் கண் கூசி, சில விநாடிகளுக்குப் பாதையே தெரியாது. கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகளில் அந்தச் சில விநாடி போதும். கண்புரைக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அதன்பின் பலர் நன்றாகவே ஓட்டுகிறார்கள். கண் அழுத்த நோய் வேறு மாதிரி. பக்கப் பார்வையை மெதுவாகத் தின்றுவிடும், அவருக்கே தெரியாது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சீனி. மெட்ஃபோமின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் என்றால், சாப்பிடாமல் ஓட்டும்போது சீனி இறங்கித் தடுமாற்றம் வரலாம். புறப்படுமுன் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். 90க்குக் (mg/dL) கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே புறப்பட வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால், அது சரியாகி முக்கால் மணி நேரமாவது போன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

பழகிய பாதையில் வழி தடுமாறுகிறாரா, பிரேக்குக்குப் பதில் எக்சிலேட்டரை மிதித்தாரா என்றும் கவனியுங்கள். அப்படி ஒன்று நடந்திருந்தால் சாவியை வாங்கத்தான் வேண்டும், அதில் நான் இரக்கம் காட்டமாட்டேன்.

வயதை வைத்து ஒரேயடியாகத் தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சிறு வாகன லைசன்சை 8 வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறோம். 70 தாண்டியவருக்கு அது நீண்ட காலம். வருடா வருடம் கண்ணையும் சீனியையும் பார்ப்பதே சரி என்பேன்.

அப்பாவிடம் அண்ணா முன்னால் பேச வேண்டாம், தனியாகப் பேசுங்கள். அம்புலன்ஸ் வராத இரவில் லயத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவராக இருக்கலாம், அவரைச் சட்டென்று ஒதுக்கினால் மனம் உடைந்துவிடும். கண் கிளினிக்குக்குப் போகும் அன்று மட்டும் வேனை அண்ணா ஓட்டட்டும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும்.