காலடி தெரியாத வழி: ரோமர் 11:33 குறித்துக் கேள்வி பதில்

"ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது! அவருடைய நியாயத்தீர்ப்புகள் அளவிடப்படாதவைகள், அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள்!" இந்த ஒரு வசனத்தைச் சுற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆராய முடியாது என்று வேதமே சொல்லிவிட்டதே. பிறகு நாம் ஏன் ஆராய வேண்டும்?

பதில்: தம்பி, ரோமருக்கு இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் ஆராயாமல் எழுதவில்லை. ரோமர் 9-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே "மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும்" தமக்கு உண்டு என்கிறார். தம் சொந்த ஜனமான இஸ்ரவேலர் மேசியாவை ஏற்கவில்லையே, அப்படியானால் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதா? இதுதான் அவர் நெஞ்சை அறுத்த கேள்வி. மூன்று அதிகாரங்கள் அதனோடு மல்லுக்கட்டுகிறார். பார்வோனை எடுக்கிறார், எலியாவை எடுக்கிறார், ஒலிவமரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளையைக் காட்டுகிறார். 11:32-இல், தேவன் "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த "ஆ!" வாயிலிருந்து வருகிறது. கேள்வியைத் தட்டிக்கழித்தவனுக்கு அந்த "ஆ!" வராது. வேதத்தை மூடிவைப்பதற்கு இந்த வசனத்தைச் சாக்காகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: "ஆராயப்படாதவைகள்" என்பதற்கு மூலமொழியில் என்ன சொல் இருக்கிறது?

பதில்: அனெக்ஸிக்நியாஸ்தோஸ் என்ற கிரேக்கச் சொல். அதற்குள் "இக்நோஸ்" இருக்கிறது. காலடித்தடம் என்று பொருள். தடம் பிடித்துப் பின்தொடர முடியாதது என்பதே சொல்லின் உட்பொருள். ஈரமணலில் ஒருவர் நடந்துபோன தடத்தை நினைத்துப் பாருங்கள். குதிகால் எங்கே அழுந்தியிருக்கிறது, விரல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே பின்னால் போகலாம். ஓர் அலை வந்து போன பிறகு? நடந்தது உண்மை, ஆனால் தடம் இல்லை. சங்கீதம் 77:19 இதையே சொல்கிறது: "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." செங்கடலைக் கடந்த ஜனங்களைப் பற்றிய பாட்டு அது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: மோசே, ஆரோன் என்பவர்களின் கையால் தம் ஜனத்தை ஓர் ஆட்டுமந்தையைப்போல நடத்தினார் என்கிறது. தடம் தெரியவில்லை, ஆனால் மந்தை அக்கரை சேர்ந்துவிட்டது.

இதே கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓர் இடத்தில்தான் வருகிறது: எபேசியர் 3:8. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு "கிறிஸ்துவினுடைய அளவற்ற ஐசுவரியம்" என்று சொல்வதால், இரண்டும் ஒரே சொல் என்பது தமிழில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நம்மைத் திகைக்கவைக்கிற அவருடைய வழிகளுக்கும், நமக்கு அள்ளிக் கொடுக்கிற அவருடைய செல்வத்துக்கும் பவுல் ஒரே சொல்லைத்தான் எடுத்தார்.

கேள்வி: தேவனை முழுமையாக அறிந்துவிட்டதாக ஒருவர் போதிக்கிறார். என்ன செய்வது?

பதில்: பழைய தவறுதான் இது. 4-ஆம் நூற்றாண்டில் யூனோமியுஸ் என்பவரும் அவரைச் சார்ந்தவர்களும் தேவனுடைய சாராம்சத்தையே மனித அறிவால் அறியலாம் என்று வாதாடினார்கள். அவர்களுக்கு எதிராக, ஆதிச் சபையின் புகழ்பெற்ற பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் 386-இல் அந்தியோகியாவில் தொடர்ந்து பிரசங்கித்தார். ஏசாயா 6-இல் தேவனுடைய சிங்காசனத்தண்டை நிற்கிற சேராபீன்களே முகத்தை மூடிக்கொள்கிறார்களே! அந்தப் போதகருக்காக ஜெபியுங்கள். அவரோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு அத்தனை கேட்டும் தேவன் காரணத்தைச் சொல்லவே இல்லை. இது நியாயமா?

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியோடு நான் பல வருடம் வாழ்ந்திருக்கிறேன். பரலோகத்தில் சாத்தான் சவால் விட்டதை முதல் இரண்டு அதிகாரங்களில் நாம் வாசிக்கிறோம். யோபுவுக்கு அது கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை. 38-ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து வந்ததும் பதில் அல்ல, கேள்விகள்: "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கேள்வி கேட்டதற்காக யோபு தள்ளப்படவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்த சிநேகிதர்களைத்தான், நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7-இல் தேவன் கடிந்துகொள்கிறார். இன்னொன்று, "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறான் யோபு. விளக்கம் கேட்டவனுக்குத் தேவன் தம்மையே காட்டினார். அது விளக்கத்தைவிடக் குறைவானது என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. வலி அதனால் சிறியதாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மனதில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒருவரை எப்படி நம்புவது?

பதில்: "கர்த்தருடைய சிந்தையை அறிந்தவன் யார்?" என்று ஏசாயா 40:13-ஐ ரோமர் 11:34-இல் பவுல் எடுத்துச் சொல்கிறார். அதே வசனத்தை 1 கொரிந்தியர் 2:16-இலும் சொல்லிவிட்டு, உடனே "எங்களுக்கோ கிறிஸ்துவின் சிந்தை உண்டாயிருக்கிறது" என்று சேர்க்கிறார். அவருடைய திட்டங்கள் எல்லாம் நமக்குத் தெரியாது. அவருடைய இருதயம் எப்படிப்பட்டது என்பது சிலுவையில் தெரிந்துவிட்டது. நான் நம்புவது அந்த இருதயத்தை.

கேள்வி: பிள்ளையை இழந்த தாயிடம் "எல்லாம் தேவ சித்தம், அவர் வழிகள் ஆராய முடியாதவை" என்று சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். என் தம்பியை அடக்கம் செய்த அன்று ஒருவர் என் அம்மாவிடம் இதையே சொன்னார். அம்மா தலையசைத்தார், கையிலிருந்த தம்பியின் சட்டையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வசனம் மெய்யானது. ஆனால் அது பவுல் தம் சொந்த வேதனையினூடே வந்து தாமே சொன்னது. அடுத்தவருடைய அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னதல்ல. யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. லாசருவை எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கல்லறை வழியில் கண்ணீர் விட்டார். நீங்களும் அந்தத் தாயோடு உட்காருங்கள்.

கேள்வி: பரலோகத்தில் எல்லாம் புரிந்துவிடுமா?

பதில்: "அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்கிறது 1 கொரிந்தியர் 13:12. எல்லாம் தீர்ந்துபோகும் அளவுக்குப் புரிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயும் நாம் சிருஷ்டிகள்தானே.

கேள்வி: இதைத் தியானிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 11:33-இலிருந்து வேண்டாம். ரோமர் 9:1-இல் தொடங்கி, 11-ஆம் அதிகாரத்தின் கடைசி "ஆமென்" வரை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள். நடுவில் புரியாத இடங்கள் வரும், நிறுத்தாமல் போங்கள்.