தனியாக ஓடினால் வேகம் நிலைப்பதில்லை; இதயம் பலவீனமா?

உங்கள் கடிதத்தில் வேகத்தைப் பற்றி எழுதிய பத்து வரிகளைவிட, போகிறபோக்கில் எழுதிய இரண்டு செய்திகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. உங்கள் அண்ணன் 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். சென்ற மாதம் ஓடப் போன இடத்தில் உங்களுக்கு ஒருமுறை கண் இருட்டிக்கொண்டு வந்தது. நண்பர்களோடு சீராக ஓடும் நீங்கள் தனியாக ஓடினால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே தளர்ந்துபோவதை, அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் வந்துவிட்டதன் அறிகுறியாக எண்ணி அஞ்சுகிறீர்கள். அந்தத் தளர்ச்சிக்குக் காரணம் எளியது. அதைப் பிறகு சொல்கிறேன். கண் இருட்டியது எந்த நேரத்தில் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றபோது இருட்டியிருந்தால், பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் இரத்தத்தை மேல்நோக்கிப் பிழிந்து அனுப்புகின்றன. கால் நின்றதும் அந்த உதவியும் நின்றுவிட, விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் தேங்கி மூளைக்குப் போவது சற்றுக் குறைகிறது. முடித்தபின் ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்தால் இது பெரும்பாலும் வராது. ஆனால் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியிருந்தால், இதயத் தசை தடித்திருப்பதோ, வால்வு சுருங்கியிருப்பதோ, துடிப்பின் ஒழுங்கு தவறுவதோ, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்போ இல்லை என்று உறுதியாகும்வரை நீங்கள் ஓடக்கூடாது. மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விலகினாலும் இதே விதிதான். நின்ற பிறகும் சில நிமிடங்களில் விலகாவிட்டால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உடன்பிறந்த ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர்கள் அதைத் தனி அபாயக் காரணியாகவே கணக்கில் எடுப்போம். ஆகவே, கண் இருட்டியது எப்போது என்பது எப்படியிருந்தாலும், 41 வயதான நீங்கள் இதய மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, எக்கோ ஆகியவற்றையும், அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று, உங்கள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையில் பாதியை ஓடுவதற்கு முன் நான்கு முறை நீங்கள் விழுங்கிய கதை. இதை எந்த இணையதளம் சொன்னதோ எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்த மாத்திரை ஓடும் திறனைக் குறைக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழலை இறுக்கும், டிரெட்மில் பரிசோதனையில் தெரிய வேண்டிய கோளாற்றையும் மறைக்கக்கூடும். உங்களுக்குக் கண் இருட்டியதற்கே அது காரணமாக இருந்திருக்கலாம். இத்தனையும் கைக்கடிகாரம் நாடித்துடிப்பை 178 என்று காட்டியதற்காக! அதிகபட்ச நாடித்துடிப்பை அறிய 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். தவிர, பட்டை தளர்வாக இருந்தால் இத்தகைய கடிகாரங்கள் காலடியின் எண்ணிக்கையையே நாடித்துடிப்பாகக் காட்டிவிடுவதுண்டு. ஓடுபவர் பலரின் காலடிகள் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருக்கும். சந்தேகம் வந்தால் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

விலாவில் குத்தல், முகம் சிவத்தல் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதால் இதயம் வீங்கிவிடாது.

இனி வேகம். தசைகள் கேட்கும் ஆக்சிஜனை நுரையீரலும் இதயமும் முழுமையாக ஈடுகட்ட இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன; அதுவரை எந்த வேகமும் இலகுவாகவே தோன்றும். கூட்டத்தோடு ஓடும்போது அருகில் இருப்பவரின் காலடி உங்களை அடக்கி வைக்கிறது. தனியாக ஓடும்போது அந்தக் கடிவாளம் இல்லாததால் தொடக்கத்திலேயே கடன் வாங்கி, இரண்டாவது கிலோமீட்டரில் திருப்பிக் கட்டுகிறீர்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு, முதல் பத்து நிமிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் உரக்கச் சொல்ல முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மேட்டிலும் வெயிலிலும் அதே மூச்சளவைக் காப்பாற்றினால் போதும், கடிகாரத்தின் வேகம் குறைவதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு ஒரே சமதளப் பாதையில் போய்த் திரும்பி, இரண்டு பாதிகளின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; திரும்பும் பாதி இரண்டு மூன்று நிமிடம் கூடினால், அடுத்த முறை புறப்படும்போது இன்னும் மெதுவாகப் புறப்பட வேண்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.